சோறு போட்ட வீடுகளின் வரலாறு

பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தபோது, வடக்கே ஒரு கன்டோன்மென்டில் எங்கள் படைப்பிரிவு நூலகத்தின் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டினார்கள். சிக்னல்ஸ் பிரிவு ஆட்கள் நான்கு பேர் அந்தக் கட்டுகளை லாரிக்குத் தூக்கிப் போட வேண்டும் என்பது உத்தரவு. ஒரு கட்டின் கயிறு அறுந்து சிதறியதில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் என் பூட்ஸ் மேல் விழுந்தது. ஆப்பிரிக்காவின் பழைய நகரங்களைப் பற்றிய நூல். ஆப்பிரிக்காவில் எனக்கு அப்போது எந்த அக்கறையும் இல்லை. ஆனால் ஆசிரியரைப் பற்றிய குறிப்பில், அவர் இரண்டாம் உலகப் போரில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர் என்றும், எதிரியின் எல்லைக்குள் பாராசூட்டில் குதித்தவர் என்றும், மிலிட்டரி கிராஸ் விருது பெற்றவர் என்றும் இருந்தது. பட்டாளத்தான் எழுதிய வரலாறு எப்படித்தான் இருக்கும் என்ற ஆவலில் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் உள்ள என் ஊருக்குத் திரும்பி, மாந்தோப்புக்கு வேலி போட்டு முடித்த பிறகே அகராதியும் கையுமாக உட்கார்ந்து அதைப் படித்தேன். பாசில் டேவிட்சன் என்ற மனிதர் அன்று பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

அவர் 1914ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டார். முதலில் பார்த்த வேலை, வட இங்கிலாந்தின் கடைக் கண்ணாடிகளில் வாழைப்பழ விளம்பரங்களை ஒட்டுவது. பல்கலைக்கழகத்தின் படியேறாமலே பத்திரிகைக்குள் நுழைந்து, 1938இல் எக்கனாமிஸ்ட் இதழின் பாரிஸ் நிருபரானார். பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களே அவரை அழைத்து விரிவுரை ஆற்றச் சொல்லின என்பதையும், பட்டம் இல்லாத இவர் என்ன வரலாற்றாசிரியர் என்று முணுமுணுத்தவர்களும் கடைசி வரை இருந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போர் தொடங்கியதும் பிரிட்டனின் இரகசியப் பணிக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். 1940இல் புடாபெஸ்ட் நகருக்குப் போய் ஒரு செய்தி நிறுவனம் நடத்தினார். செய்தி நிறுவனம் என்பது மேல்பூச்சு. அடியில் நடந்தது நாச வேலைக்கான ஏற்பாடு. தூதரகக் கட்டடத்தில் அவர் ஒளித்து வைத்திருந்த வெடிமருந்து, தூதரின் கண்ணில் பட்டு டான்யூப் ஆற்றுக்குள் போனது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் யுகோஸ்லாவியாவுக்குள் நுழைந்தபோது ஓடித் தப்பப் பார்த்து, இத்தாலியர் கையில் சிக்கி, கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி, கெய்ரோவில் யுகோஸ்லாவியப் பிரிவின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். வரைபடமும் தந்திக் கட்டும் நிறைந்த அந்த மேசையிலேயே போர் முடியும் வரை அவர் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நல்ல படைத்துறை வரலாறு ஒன்றை எழுதியிருப்பார் என்றும், நான் அதைப் படித்திருக்க மாட்டேன் என்றும் நினைக்கிறேன்.

1943 ஆகஸ்டில் அவர் போஸ்னியாவில் பாராசூட்டில் இறங்கி, அங்கிருந்து வடக்கே வொய்வொதினா சமவெளிக்குச் சென்றார். ஜெர்மானியரை எதிர்த்து யுகோஸ்லாவியாவில் போரிட்ட கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கொரில்லாப் படைகளோடு சேர்ந்து இயங்குவது அவருடைய பணி. அந்தச் சமவெளியின் நடுவே ஃபுருஷ்கா கோரா என்றொரு மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் உச்சியே 539 மீட்டர்தான். எங்கள் பக்கத்துக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு மலையாகவே தோன்றாது. சுற்றிலும் மக்காச்சோளக் காடு, சாலைதோறும் எதிரியின் காவல். சுற்றியுள்ள சமவெளியில் ஒளிவதற்கு உயரமும் இல்லை, அடர்ந்த கானகமும் இல்லை. அப்படியிருந்தும் அங்கே ஒரு படை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தது என்றால், அதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை. தொழுவத்தின் அடியிலும் வீட்டின் அடியிலும் தோட்டத்திலும் கிராமத்து மக்கள் குழி வெட்டி, மேலே மண்மூடி, காயம்பட்டவர்களையும் களைத்தவர்களையும் அதற்குள் வைத்துக் காத்தார்கள். பிடிபட்டால் வீடு எரியும், வீட்டார் சாவார்கள் என்பது தெரிந்தே செய்தார்கள். பிரிட்டிஷ் அரசின் அதிகாரியான டேவிட்சன் ஓராண்டுக்கும் மேலாக அந்த மக்களின் தயவில் உயிர் வாழ்ந்தார். படிப்பறிவு அதிகம் இல்லாத குடியானவர்கள், எந்தச் சாலையில் எத்தனை வண்டி போனது, எந்தக் காவலன் குடிகாரன், எந்தப் பாலத்தை உடைத்தால் யாருக்கு நட்டம் என்று கணக்குப் போட்டு முடிவெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனி மலைச் சாவடி ஒன்றில் நான் இருந்த காலத்தில், ஒரு ரோந்தின்போது வழி தவறி, இருட்டிய பிறகு ஒரு குக்கிராமத்தை அடைந்தோம். ஒரு கிழவி கதவைத் திறந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, உப்புப் போட்ட தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள். எங்களில் ஒருவனுக்குக் கால்விரல்கள் மரத்துப் போயிருந்தன. அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்து விடிய விடியத் தேய்த்துவிட்டாள். மறுநாள் சாவடிக்குத் திரும்பிப் பதிவேட்டை எழுதியது நான்தான். ரோந்து முடிந்தது, குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும், வேறு மாதிரி எழுத அந்தப் பதிவேட்டில் பத்தியே கிடையாது. டேவிட்சனைப் படிக்கும் வரை அந்த வரி எனக்கு உறுத்தியதில்லை. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அவர் அந்த யுகோஸ்லாவிய நாட்களை ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். நான் பதிவேட்டில் விட்டதை அவர் விடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

1945 தொடக்கத்தில் அவரை இத்தாலியின் லிகூரியா மலைகளில் இறக்கினார்கள். ஏப்ரல் 25 அன்று ஜெனோவா நகரில் ஜெர்மானிய ஜெனரல் மைன்ஹோல்டு சரணடைந்தார். நேச நாட்டுப் பெரும்படை வந்து சேர்வதற்கு முன்பே, அந்த ஊரின் எதிர்ப்புக் குழுவிடம் சரணடைந்தார். குழுவின் சார்பில் சரண் பத்திரத்தில் கையெழுத்திட்ட ரேமோ ஸ்காப்பினி ஒரு தொழிலாளி. ஒரு ஜெனரல் தன் படையோடு ஒரு தொழிலாளியிடம் சரணடைந்த அந்த நாட்களில் டேவிட்சன் அதே நகரில் இருந்தார். சாதாரண மக்களிடம் அவர் கடைசி வரை வைத்திருந்த நம்பிக்கையை வெறும் கொள்கைப் பிடிப்பு என்று தள்ளுகிறவர்கள், அந்த நம்பிக்கைக்கு ஒரு நாளும் ஓர் ஊரும் இருப்பதைக் கவனிப்பதில்லை.

போருக்குப் பின் டைம்ஸ் நாளிதழின் பாரிஸ் நிருபர், பிறகு லண்டனில் அதே நாளிதழுக்குத் தலையங்கம் எழுதுபவர் என்று பெரிய நாற்காலிகள்தான் கிடைத்தன. ஆனால் பனிப்போர் தொடங்கிவிட்டிருந்தது. கம்யூனிஸ்டுகள் தலைமையில் போரிட்டவர்களோடு காட்டில் கிடந்தவனுக்கு உள்ளூரில் சந்தேகப் பார்வையே கூலி. 1949இல் டைம்ஸை விட்டு வெளியேறி, நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழுக்கு வந்தார். பிறகு டெய்லி ஹெரால்டு, டெய்லி மிரர் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். 1951இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், நிறவெறி ஆட்சியைக் கண்ணால் கண்டு, அடுத்த ஆண்டே நூலாக எழுதினார். தென்னாப்பிரிக்க அரசு இனி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. வேறு சில குடியேற்றப் பகுதிகளும் கதவை அடைத்தன.

அரசியல் பத்திரிகையாளனை ஊருக்குள் விடாமல் தடுப்பது எல்லா ஆட்சிகளுக்கும் கைவந்த வேலை. எங்கள் மாவட்டங்களில் அதற்கு அடையாளமாகப் பாப்பாரப்பட்டி இருக்கிறது. வ.உ.சி.யோடு சிறை சென்று, ஞானபானு இதழை நடத்திய சுப்பிரமணிய சிவாவை, தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925இல் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். தருமபுரியிலிருந்து அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள்.

தெற்கே கதவடைத்ததால் டேவிட்சன் மற்ற திசைகளில் போனார். அங்கோலாவில் போர்த்துகீசியர் நடத்திய கட்டாய உழைப்பைப் பற்றி எழுதினார். அப்படிச் செய்திக்காக அலைந்தபோது, செய்திக்குப் பின்னால் பெரிய இருட்டு ஒன்று நிற்பதைக் கண்டார். ஆப்பிரிக்கருக்கு வரலாறு இல்லை என்ற நினைப்பே அது. வரலாறு இல்லாதவனை ஆள்வது தவறாகத் தோன்றாது. அவன் உழைப்பைப் பறிப்பதும் அவனுக்கு நாகரிகம் கற்பிப்பதாகத் தோன்றும். பத்திரிகைக் கட்டுரைகளால் மட்டும் இதை அசைக்க முடியாது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். 1959இல் வெளிவந்த அவருடைய நூல்தான் என் பூட்ஸ் மேல் விழுந்தது.

அதில் அவர் செய்திருப்பதை எங்கள் துறையின் மொழியில் சொல்வதென்றால், பல மூலங்களிலிருந்து வந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தல். சூடானில் உள்ள பழைய மெரோவே நகரின் இரும்புக் கசடு மேடுகள், பதினோராம் நூற்றாண்டில் கானா அரசைப் பற்றி அல் பக்ரி எழுதிய குறிப்பு, 1352இல் மாலி நாட்டுக்குப் போன இபின் பதூதாவின் பயணக் கதை, போர்த்துகீசிய மாலுமிகளின் கடிதங்கள், அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பொருட்கள், வாய்வழியாக வந்த அரச மரபுப் பட்டியல்கள் என எல்லாவற்றையும் அருகருகே வைக்கிறார். மதுரை சுல்தானின் அவைக்கு வந்து போன அதே இபின் பதூதாதான் இவர் என்பதை நினைத்தால் உலகம் கொஞ்சம் சுருங்குகிறது. மகா ஜிம்பாப்வேயின் கற்கோட்டையைக் கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது என்று குடியேறிய வெள்ளையர் சாதித்து வந்தார்கள். 1905இல் ராண்டல் மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கரே கட்டியது என்று எழுதிய பிறகும் அந்தக் கதை ஓயவில்லை. அறிஞர்களின் அறிக்கைக்குள் கிடந்த அந்த முடிவைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் டேவிட்சன் முக்கியமானவர். அந்தக் கோட்டையில் இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் கிடைத்தன என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

"ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்" என்பது 588ஆம் குறள். வேவு பார்ப்பவனுக்குச் சொன்ன பாடம்தான்; வரலாறு எழுதுகிறவனுக்கு அதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை. டேவிட்சனுக்கு அது இரகசியப் பணியில் கற்ற பழக்கம். 1963இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மீதியெல்லாம் இருள் என்ற பொருளில் பேசினார். அவரும் போர்க்காலத்தில் உளவுத் துறையில் பணி செய்தவர்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் அவர் பணி செய்தது மேசையில். யாருடைய தொழுவத்தின் அடியிலும் அவர் படுத்துக் கிடந்ததில்லை. ஒரே போர், ஒரே துறை, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவருக்கு இருளாகத் தெரிந்த இடத்தில் மற்றவர் எட்டு நூற்றாண்டு வணிகத்தைப் பார்த்தார். சோறு போட்டவர்களைத் தெரிந்திருப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் முடிவு. கல்வியாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

எங்கள் மண்ணின் வரலாற்றையும் முதலில் தாளில் எழுதியவர்களில் பட்டாளத்தார் பலர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட எங்கள் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அதற்கு முந்தைய போரில் ஆம்பூரில் இருந்துகொண்டு திப்புவின் நாட்டில் ஒற்றர்களை நடத்தியவர். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் படை அதிகாரியே. 1799 வரை ஏழு ஆண்டுகள் இந்த நாட்டில் வயல் வயலாக நடந்து அளந்தார்கள். உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும், பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. மைசூர் வரலாற்றை 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மார்க் வில்க்ஸும் சென்னைப் படையின் அதிகாரி. இடையில் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராகப் போய், கைதியாக வந்த நெப்போலியனை வரவேற்கும் வாய்ப்பும் பெற்றவர்.

இவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மன்றோவின் பெயரை மரியாதையோடு சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆவணங்களைத் தேடிச் சேர்ப்பதில் வில்க்ஸ் சளைக்காதவர். ஆனாலும் அந்த எழுத்தில் என் ஊர் எங்கே என்று தேடினால், ஒன்று அது வரி கட்டும் நிலமாக வருகிறது, இல்லையென்றால் படைகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு கடந்து போகும் கணவாயாக வருகிறது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை இரவில் தாக்கித் தோற்றார். கோட்டையின் மேலிருந்து உருட்டப்பட்ட பாறைகளைப் பற்றிப் படிக்கலாம். பாறைகளை உருட்டியவர்களுக்கு யார் கூழ் காய்ச்சினார்கள் என்று யாரும் எழுதவில்லை. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அந்த மலையை அண்ணாந்து பார்த்து இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன்.

டேவிட்சனின் பிற்கால வாழ்க்கையில் நான் அதிகம் வியப்பது, வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்ற பிறகும் அவர் மறுபடி நடக்கத் தொடங்கியதை. போர்த்துகீசிய ஆட்சியை எதிர்த்துக் கினி-பிசாவில் அமில்கார் கப்ரால் தலைமையில் போர் நடந்தபோது, 1967இல், ஐம்பத்திரண்டு வயதில், கொரில்லாக்களோடு காட்டுக்குள் போனார். 1970இல் அங்கோலாவின் கிழக்குப் பகுதிக்குள் போனார். என் வயது இப்போது ஏறக்குறைய அதுதான்; முழங்கால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். கப்ரால் ஒரு வேளாண் பொறியாளர். போருக்கு முன்பே காலனி அரசுக்காக நாடு முழுக்க வேளாண் கணக்கெடுப்பு நடத்தி, ஒவ்வொரு ஊரின் மண்ணையும் மனிதரையும் தெரிந்து வைத்திருந்தவர். மன்றோவைப் போலவே அளந்தவர்தான். அளந்தது வேறு கணக்குக்காக. டேவிட்சன் 1969இல் எழுதிய நூலுக்கு அவரே முன்னுரை தந்தார். 1973 ஜனவரியில் கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கினி-பிசாவ் விடுதலையை அறிவித்தது. ஆப்பிரிக்கப் போர்களில் களைத்த போர்த்துகீசிய இராணுவ அதிகாரிகளே மறு ஆண்டு லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். அந்த நாளும் ஏப்ரல் 25.

அவரிடம் எனக்குக் குறையும் உண்டு. தன்னோடு நடந்தவர்களை அவர் அளவுக்கு மீறி நம்பினார். கினி-பிசாவில் 1980இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கோலா உள்நாட்டுப் போரில் 2002 வரை எரிந்தது. காட்டில் ஒரே பாத்திரத்தில் உண்டவர்கள் தலைநகருக்கு வந்ததும் என்ன ஆவார்கள் என்பதை, யுகோஸ்லாவியாவைப் பார்த்த ஒருவர் முன்னமே எழுதியிருக்கலாம். பட்டாளத்தானுக்கு உள்ள பொதுவான குறை இது. கூட நின்றவனைப் பற்றி எதிராக ஒரு சொல் எழுதக் கை வராது. எனக்கும் வராது. 1992இல் எழுதிய நூலில்தான், ஐரோப்பியர் வரைந்துவிட்டுப் போன எல்லைகளும் அரசு அமைப்பும் ஆப்பிரிக்கரின் தோளில் எப்படிப் பாரமாக உட்கார்ந்தன என்று மனம் கசந்து எழுதினார். விடுதலைத் தலைவர்கள் தங்கள் மக்களின் பழைய ஆட்சி மரபுகளைத் திரும்பிப் பார்க்காமல், கோட்டு அணிந்த அரசை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பது அவர் ஆதங்கம். தாமதமாக வந்தாலும் அது நேர்மையான நூல். 2002இல் போர்த்துகல் நாட்டின் குடியரசுத் தலைவரே அவருக்கு விருது அளித்தார். எந்த அரசின் படைகளுக்குத் தப்பி அவர் புதருக்குள் படுத்துக் கிடந்தாரோ அந்த நாட்டின் விருது அது. 2010 ஜூலையில், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

எங்கள் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, வேடியப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கூரை கிடையாது. புளிய மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். வில்லும் வாளும் பிடித்து நிற்கும் வீரன் ஒருவனை அதில் செதுக்கியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் பல சாமிகள் இப்படிப்பட்ட நடுகற்களே. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி, தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர் விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். 1970களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய், வட்டெழுத்துப் பொறித்த கற்களைப் படியெடுத்துப் பதிப்பித்தார்கள். அரசனின் ஆட்சியாண்டு, தலைவனின் பெயர், செத்தவனின் பெயர் என்று மூன்றும் அவற்றில் இருக்கும். பட்டாளத்தான் கிராமத்தை எழுதியதைத்தான் இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கே கிராமம் பட்டாளத்தானை எழுதியிருக்கிறது.

எங்கள் கல்லில் எழுத்து இல்லை. ஊருக்கு வந்த புதிதில், எழுத்தில்லாத கல் வரலாற்றுக்கு உதவாது என்று எண்ணி அதை விட்டுவிட்டேன். டேவிட்சனை இரண்டாம் முறை படித்த பிறகு, போன ஆடி மாதம், ஒரு நோட்டோடு மறுபடி போனேன். கல்லுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. என்னை ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே அவரும் கூப்பிட்டார்.

"என்ன மிலிட்டரி, அளந்துக்கிட்டுப் போக வந்தியா?"

"இல்லீங்க பெரியப்பா. இவரு யாருன்னு கேட்டுக்கிட்டுப் போக வந்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடு ஓட்டிக்கொண்டு போனவர்களை இவர் துரத்திப் போனதையும், மேற்கே ஓடைக்கு அப்பால் அடிபட்டு விழுந்ததையும், மாடுகள் மட்டும் தாமாகத் திரும்பி வந்ததையும் சொன்னார். அடிபட்டவரை ஒரு வீட்டில் மூன்று நாள் கிடத்தி வைத்துக் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றினார்களாம்; அந்த வீட்டு வம்சத்துக்குத்தான் இன்றும் பூசையில் முதல் பொங்கல் வைக்கும் உரிமையாம். எந்த நூற்றாண்டு என்று முன்பு கேட்டிருப்பேன். இந்த முறை, உங்களுக்கு இதைச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"எங்க பாட்டி. அவளுக்கு அவ மாமியாரு."

"அந்த வீடு எது?"

ஏரிக்கரைக்கு மேலே, ஓட்டுக்கூரை சரிந்து நின்ற ஒரு வீட்டைக் கை காட்டினார். நோட்டில் தேதி போட்டு, பெரியவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டு, அந்த வீட்டுப் பக்கம் நடந்தேன்.